காவல்: ஓடுகிறது

தோஹா
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

ஐந்து நாளாக உனக்குப் போன் போடுகிறேன். ஒரு ரிங் அடிக்கிறது, அறுந்துவிடுகிறது. வாட்ஸப்பில் உன் படம்கூடத் தெரியவில்லை. நீ என்னை பிளாக் செய்துவிட்டாய் என்பதே எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. இந்த மெயிலை மட்டும் விட்டுவைத்திருக்கிறாய். குரூப் ஃபோர் பரீட்சைக்கு விண்ணப்பம் போடுவதற்காக நான்தான் உனக்கு இந்த ஐடியைத் திறந்து கொடுத்தேன். வேலை ஆர்டர் இதற்குத்தான் வரும், தினமும் திறந்து பார்ப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நான் என்ன தப்பு செய்தேன்? இருபத்தெட்டாம் தேதி நீ கவுன்சலிங்குக்கு மெட்ராஸ் போனாய். "இன்னிக்கு ஒரு நாளு மட்டும் அப்பாவக் கேமராவுல பாத்துக்கடா" என்று மெசேஜ் போட்டாய். சரி என்றேன். மறுநாள் காலை போன் செய்து, "நேத்து அப்பாவப் பாத்தியா?" என்று கேட்டாய். "நாள் பூரா பாத்துக்கிட்டுத்தான்க்கா இருந்தேன், ஒரு பிரச்சினையும் இல்ல" என்றேன். ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டாய். இதில் கோபப்பட என்ன இருக்கிறது? கவுன்சலிங்கில் இடம் கிடைக்கவில்லையா? அப்படியானால் அதையாவது சொல்லேன்.

நீ பேசாவிட்டாலும் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்பது எனக்குத் தெரிகிறது, அந்த மட்டுக்கும் நிம்மதி. அப்பா கட்டிலுக்கு எதிரே நான் மாட்டிய கேமராவையும், அதன் படத்தை எனக்கு அனுப்புவதற்கு நெட் பெட்டி பக்கத்தில் வைத்த சின்னக் கம்ப்யூட்டரையும் மறந்திருக்க மாட்டாய். அந்தப் படம் அனுப்பும் சேவைக்குக் "காவல்" என்று பெயர் வைத்திருக்கிறேன். காவல் ஓடுகிறதா என்று மணிக்கு ஒரு தரம் பார்த்துச் சொல்லச் சின்னப் புரோகிராம் ஒன்றும், ஸ்கிரிப்ட் என்போம், எழுதி வைத்தேன். அது ஒரு மணிகூடத் தவறியதில்லை. இதை எழுதும்போதும் செய்தி வந்தது. பச்சை டிக், பக்கத்தில் "காவல்: ஓடுகிறது".

ஒரு வரியாவது எழுது.

உன் தம்பி
கவியரசன்


கீரமங்கலம்
4 பிப்ரவரி 2025

கவி,

"அன்புள்ள" போடத் தெம்பில்லை.

வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதென்று உன் பெட்டி சொல்கிறதா? வீட்டில் ஈ காக்காய் கிடையாதடா. இருபத்தெட்டாம் தேதியிலிருந்து நேற்று மத்தியானம் வரைக்கும் வீடு பூட்டிக் கிடந்தது. நானும் அப்பாவும் புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் கிடந்தோம்.

நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். அன்று காலை ஒன்பதரைக்குப் பக்கத்து வீட்டு ராக்காயி அத்தை முல்லைப்பூ பறித்து முடித்துவிட்டு வந்து அப்பாவுக்கு இட்லி ஊட்டியிருக்கிறது. பிறகு பூவைக் கமிஷன் கடையில் போட்டுவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வருகிறேன் என்று போய்விட்டது. தனியாக விட்டுப் போகலாமா என்று அத்தை தயங்கியதற்கு, தம்பி கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பான், ஏதாவதென்றால் உங்களுக்குப் போன் செய்வான் என்று நான்தான் தைரியம் சொன்னேன். அத்தை நம்பரை உனக்கு அனுப்பியும் இருந்தேன்.

பத்தரை மணி சுமாருக்கு அப்பா மூத்திரக் கேனை எடுக்கக் கையை நீட்டிக் கட்டிலிலிருந்து விழுந்திருக்கிறார். வாதத்தில் விளங்காமல் போன இடது கை உடம்புக்கு அடியில் மாட்டி முறிந்துவிட்டது. அத்தை வந்தபோது மணி இரண்டு. மூன்றரை மணி நேரம், சிமெண்டுத் தரையில், ஈரத்தில் கிடந்திருக்கிறார்.

விழுந்ததற்கு உன்னைக் குறை சொல்லவில்லை. நான் அடுப்படியில் இருந்தாலும் விழுந்திருப்பார். ஆனால் அந்த மூன்றரை மணி நேரமும் கேமராவைப் பார்த்து உன்னைக் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயிருந்தது. அத்தை அலறிக்கொண்டு தூக்கப் போனபோது, "பதறாத. கவி பாத்துக்கிட்டுத்தான் இருக்கான். அவன்தான ஒன்னய அனுப்புனான்?" என்று கேட்டாராம். பாவம், அது என்ன சொல்லும்? "ஆமாண்ணே, தம்பிதான் போன் பண்ணுச்சு" என்று சொல்லிவிட்டது. அப்பா அதை இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றுகொண்டுதான் உனக்குப் போன் செய்தேன். நெட் போய்விட்டது என்றோ வேலை வந்துவிட்டது என்றோ சொல்லியிருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பேன். நாள் பூரா பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாய். பார்த்துக்கொண்டும் சும்மா இருந்தாயா, பார்க்காமலே பார்த்தேன் என்றாயா? இரண்டில் எது என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அதனால்தான் பிளாக் செய்தேன்.

இலக்கியா


தோஹா
6 பிப்ரவரி 2025

அக்கா,

பார்க்கவில்லை. அதுதான் பதில்.

படத்தைத் திறக்கவே இல்லை. பத்து மணிக்கு டிக் வந்தது, பதினொன்றுக்கு வந்தது, பன்னிரண்டுக்கு வந்தது. டிக்கைப் பார்த்ததை அப்பாவைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டேன். சொல்லும்போது அது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை, அதுதான் இப்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நேற்று வேலை முடிந்ததும் இங்கிருந்தே வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பார்த்தேன். காவல் ஓடவில்லை. டிசம்பர் மூன்றாம் தேதி காலை 11:42க்கு, "கேமரா கிடைக்கவில்லை" என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டு நின்றுபோயிருக்கிறது. நின்றால் தானாக மறுபடி ஓடும்படி நான் அதைச் செய்துவைக்கவில்லை. அப்பா விழுந்த அன்றோடு அது நின்று ஐம்பத்தாறு நாள்.

பிறகு எப்படி டிக் வந்தது என்று கேட்பாய். நான் எழுதிய ஸ்கிரிப்ட் செய்வது இவ்வளவுதான்: அந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் ஓடும் வேலைகளின் பட்டியலை எடு, அதில் "காவல்" என்ற பெயர் இருக்கிறதா என்று தேடு, இருந்தால் டிக் போடு. ஆனால் அப்படித் தேடுவதும் அந்த நேரத்தில் ஓடுகிற ஒரு வேலைதான். "காவல்" என்ற பெயரைத் தேடுகிறேன் என்று அதுவும் பட்டியலில் ஒரு வரியாக நிற்கும். அதனால் தேடும்போதெல்லாம் ஒன்று அகப்படும். அகப்படுவது காவல் அல்ல, காவலைத் தேடுகிற அதுவேதான். ஜூன் மாதத்திலிருந்து அது தன்னைத்தானே பார்த்துக்கொண்டு ஓடுகிறது, ஓடுகிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. வீடு இடிந்து விழுந்திருந்தாலும் அந்தப் பெட்டிக்குக் கரண்டு இருக்கிற வரை டிக் வந்திருக்கும்.

அக்கா, இதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். நூற்று நாற்பது சர்வர் என் பொறுப்பில் இருக்கிறது. இது வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்தில் செய்யும் தப்பு. அதற்காகப் போன மாதம்கூட ஒருத்தனை நான் எல்லார் முன்னாலும் திட்டினேன். நம் வீட்டுக்கு எழுதியதை, லீவு முடிந்து கிளம்பும் அன்று, திருச்சி ஏர்போர்ட்டுக்கு வந்த கார் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது அடித்தேன். மொத்தம் ஆறே வரி. காவலை ஒரு தடவை நிறுத்திவிட்டு, "ஓடவில்லை" என்று சொல்கிறதா என்று சோதித்திருக்க வேண்டும். ஓடும்போது ஓடுகிறது என்றது, எழுந்து போய்விட்டேன்.

அப்பாவிடம் சொல்லாதே. அத்தை சொன்னது அப்படியே இருக்கட்டும். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

கவி


கீரமங்கலம்
9 பிப்ரவரி 2025

கவி,

நான் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

நேற்று அப்பாவுக்குப் புண் துடைத்து மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். முதுகில் இரண்டு இடத்தில் தோல் வழண்டிருக்கிறது. வலி தெரியாமல் இருக்கட்டுமே என்று உன் கடிதத்திலிருந்து அந்த ஸ்கிரிப்ட் கதையை மட்டும் எடுத்து, யாரோ ஒருத்தர் ஆபீஸில் நடந்ததாகச் சொன்னேன். அப்பா கவனமாகக் கேட்டார். இருபத்தேழு வருஷம் புதுக்கோட்டை - பேராவூரணி வண்டியில் கண்டக்டர் அல்லவா? வாய் கோணச் சிரித்துவிட்டு, "காலி பஸ்ஸுல ஏறி நின்னுக்கிட்டு, தன்னையே ஒரு ஆளுன்னு எண்ணி ரைட் குடுத்திருக்கான். புதுக் கண்டக்டரு" என்றார். விழுந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். கட்டுப் போட்டு முடித்து நிமிர்ந்தால், கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "அப்ப ராக்காயிய அவன் அனுப்பலையா?" என்று கேட்டார்.

நான் வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை.

சரி, இதையும் தெரிந்துகொள். எனக்கு ஆர்டர் வந்துவிட்டது. இளநிலை உதவியாளர், தர்மபுரி. மார்ச் ஐந்தாம் தேதிக்குள் சேர வேண்டும். மூன்றாவது தடவை எழுதிக் கிடைத்தது. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம், நான் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தும் எட்டு வருஷம். முப்பத்தாறு வயதில் எனக்கென்று ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டதற்கு, இரண்டு மாதத்துக்கு இடம் மாற்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தைக்குப் பூக்காடு இருக்கிறது, ஒரு வேளை வந்து போகலாம், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஸ்கிரிப்ட் தப்பு, சரி. படத்தைத் திறந்து பார்க்க உனக்கு ஒரு பொத்தான் இருந்ததல்லவா? ஐம்பத்தாறு நாளில் ஒரு நாள்கூடவா கை போகவில்லை?

இலக்கியா


தோஹா
11 பிப்ரவரி 2025

அக்கா,

உனக்கு வேலை கிடைத்ததைப் படித்துவிட்டு, முதலில் சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசை. முதலில் மார்ச் ஐந்து என்ற தேதிதான் கண்ணில் பட்டது. பயந்துபோனேன்.

இதையெல்லாம் செய்யலாம் என்று நினைக்கிறேன். திருச்சியில் ஒரு ஏஜென்சியில் வீட்டு நர்ஸ் அனுப்புகிறார்கள், பேசிவிட்டேன். இன்னும் இரண்டு கேமரா வாங்கி அனுப்புகிறேன், ஒன்று தரையைப் பார்க்கிற மாதிரி. ஸ்கிரிப்டை மாற்றி எழுதிவிட்டேன். இப்போது அது பட்டியலில் பெயர் தேடாது. நேராகக் காவலின் கதவைத் தட்டி, படம் கொடு என்று கேட்கும். கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது, படம் கைக்கு வர வேண்டும், அந்தப் படத்தில் இருக்கும் நேரமும் அந்த நிமிஷத்து நேரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சிவப்பு. இந்தத் தடவை நிறுத்தி நிறுத்திப் பதினோரு தரம் சோதித்தேன். பதினோரு தரமும் சரியாகச் சொன்னது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இத்தனையும் எழுதியிருக்கிறேன்.

முதல் இரண்டு மூன்று மாதம் தினமும் திறந்தேன். செப்டம்பரில் ஒரு நாள், இங்கே கேன்டீனில் பிரியாணித் தட்டை வைத்துக்கொண்டு திறந்தேன். நீ அப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாய். அவர் நல்ல கையால் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். நீ தரையில் உட்கார்ந்து பருக்கை பருக்கையாகப் பொறுக்கினாய். அப்புறம் கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு அப்படியே இருந்தாய். பத்து நிமிஷம். நான் பத்து நிமிஷமும் பார்த்தேன். உன்னைக் கூப்பிடலாம் என்று நம்பரைத் தேடினேன், கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மூடிவிட்டேன். அதற்குப் பிறகு டிக் போதும் என்று ஆகிவிட்டது. டிக் வந்தால் எனக்கு மூச்சு சீராக வரும்.

ஒரு சந்தேகம். டிசம்பர் மூன்றாம் தேதி 11:42க்கு என்ன நடந்தது? இன்வெர்ட்டர் இருக்கிறது, கரண்டு போயிருக்காது. கேமரா மட்டும் ஏன் அணைந்தது?

கவி


கீரமங்கலம்
14 பிப்ரவரி 2025

கவி,

நான்தான் பிடுங்கினேன்.

அன்றைக்கு அப்பாவுக்குக் காற்று மெத்தை வந்தது. அதன் மோட்டாரைச் சொருகக் கட்டில் பக்கத்தில் ஒரே ஒரு பிளக்தான். கேமராவைப் பிடுங்கிவிட்டு மெத்தையைச் சொருகினேன். தம்பி பார்த்துவிட்டு, படம் வரவில்லையே என்னக்கா ஆச்சு என்று போன் செய்வான், அப்போது ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன்.

நீ கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. ஒரு வாரம் போனதும் எனக்கு வீம்பு வந்துவிட்டது. எத்தனை நாள் கழித்துத்தான் கேட்கிறான் பார்ப்போம் என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பேசும்போதெல்லாம், "அப்பா இளைச்ச மாதிரி தெரியிறாரேக்கா" என்று நீ சொல்வாய். பிளக் என் காலடியில் கிடக்கும். அட படுபாவி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, "ஆமாண்டா" என்பேன்.

மெட்ராஸ் போகும் அன்றைக்கு வயர் வாங்கி வந்து கேமராவைத் திரும்பச் சொருகினேன். அதன் நெற்றியில் நீல விளக்கு எரிந்தது. எரிகிறதே, ஓடுகிறது என்று கிளம்பிவிட்டேன். படம் வருதாடா என்று உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் இத்தனை நாள் பிடுங்கி வைத்திருந்ததைச் சொல்ல வேண்டும். உன்னை எப்போது சிக்கவைப்பது என்று காத்திருந்தவள் அந்த வீம்பை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் பஸ் ஏறினேன். உன் டிக்கை நீ நம்பினாய், நான் என் நீல விளக்கை நம்பினேன். இடையில் கிடந்தவர் அப்பா. உன்னை மட்டும் திட்டி எழுதிய கடிதத்தை என்னால் இப்போது திறந்து படிக்க முடியவில்லை.

நர்ஸ் வேண்டாம். அக்டோபரில் வந்தவள் நாலாம் நாள் ஓடியது உனக்குத் தெரியும். கேமராவும் அனுப்பாதே. இன்னும் பத்துக் கேமரா வைத்தாலும் விழுந்தால் தூக்க ஒரு கை வேண்டுமடா.

நான் போகவில்லை. பணியில் சேர இயலாது என்று கடிதம் எழுதிவிட்டேன். இருபதாம் தேதி ரெஜிஸ்டர் தபாலில் போடப்போகிறேன். அழுகையெல்லாம் வரவில்லை. அசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். இனிமேல் எழுதாதே, எனக்கும் எழுத முடியாது.

இலக்கியா


தோஹா
17 பிப்ரவரி 2025

அக்கா,

தபாலில் போடாதே. இருபத்தேழாம் தேதி காலை திருச்சியில் இறங்குகிறேன்.

சம்பளமில்லாத லீவு இரண்டு மாதம். திரும்பி வரும்போது இடம் இருக்கும் என்று எழுதித் தர மாட்டார்களாம். மேனேஜர், "உன் வீட்டில் வேறு ஆள் இல்லையா?" என்று கேட்டான். இருக்கிறாள், அவள்தான் எட்டு வருஷமாக இருக்கிறாள் என்றேன்.

பிளக் விஷயத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. இளைத்த மாதிரி தெரிகிறார் என்று வாய் கூசாமல் சொன்னவன் நான்.

எனக்கு எதுவும் தெரியாது, அக்கா. அப்பாவை எந்தப் பக்கமாகப் புரட்ட வேண்டும் என்றுகூடத் தெரியாது. அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டால் என்ன சொல்வதென்றும் தெரியாது. வந்து இறங்குகிறேன். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, எழுதியாவது வை.

கவி


(ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாள்)
4 மார்ச் 2025

கவி,

ஐந்து நாளாகக் கூடவே நின்று பார்த்தாய், இருந்தாலும் எழுதுகிறேன். இடது பக்கம் புரட்டவே கூடாது. முழங்கைக்கு அடியில் சின்னத் தலையணை வைத்துவிட்டுத்தான் டயப்பரில் கை வைக்க வேண்டும். மாத்திரையைச் சோற்றுக்குள் ஒளித்து வைக்காதே, கண்டுபிடித்துத் துப்பிவிடுவார். கண்ணில் காட்டிவிட்டுக் கொடுத்தால் விழுங்குவார். கிண்ணத்தைத் தட்டினால் பசி இல்லை என்று அர்த்தமில்லை, ஊட்டுகிற வேகம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இது எனக்குப் பிடிபட ஒரு வருஷம் ஆனது.

மூத்திரக் கேன் அவர் வலது கைக்கு எட்டுகிற இடத்தில், எப்போதும். எப்போதும்.

காலையில் அத்தை ஒன்பதரைக்கு வரும். டீ போட்டுக் கொடு, அது கேட்காது.

உன் காவல் செய்தி என் போனுக்கும் வருகிற மாதிரி செய்துவிட்டாய் என்று அப்பா சொன்னார். சரி. உன் நம்பரை நான் இன்னும் பிளாக்கிலிருந்து எடுக்கவில்லை. எடுப்பேன், இப்போது முடியவில்லை. அவசரமென்றால் அத்தை போனிலிருந்து கூப்பிடு.

எட்டு மணி பஸ். நீ தூங்குகிறாய். எழுப்பவில்லை.

இலக்கியா


தர்மபுரி
21 மார்ச் 2025

கவி,

இங்கே எனக்குத் தபால் பிரிவு. வருகிற கடிதத்துக்கெல்லாம் நம்பர் போட்டு அந்தந்த மேசைக்கு அனுப்ப வேண்டும். சாயந்திரம் ஆனால் விரல் நுனி மை, இடுப்பு வலி. ஆனாலும் ஹாஸ்டல் அறைக்கு வந்து கதவைச் சாத்தினால் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பதே எனக்குப் புதுசாக இருக்கிறது. முதல் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி நேரம் தூங்கினேன்.

மனதில் கிடப்பதை எழுதிவிடுகிறேன். வந்த புதிதில் உன் காவல் செய்தி வந்ததும் படத்தைத் திறந்து பார்ப்பேன். நீ ஊட்டுவதைப் பார்த்து, மெதுவாக, மெதுவாக என்று இங்கிருந்து சொல்வேன். பக்கத்துக் கட்டில் ஷீபா சிரிப்பாள். அப்புறம் ஒரு நாள் நீ அப்பாவைப் புரட்டத் தெரியாமல் திணறி, அவர் கத்தி, நீ சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாய். நான் எழுந்து ஓட முடியாது. மூடிவிட்டேன்.

நேற்று ஷீபா, "அப்பா எப்படி இருக்காங்கக்கா?" என்று கேட்டாள். "நல்லா இருக்காரு, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. கையில் போன் இருந்தது, அதில் டிக் இருந்தது. படத்தைத் திறந்து ஒன்பது நாள் ஆயிற்று.

எட்டு வருஷம் பார்த்தவள் நான். பதினேழு நாளில் இப்படி ஆகிவிட்டேன். உன்னை அன்று என்னவெல்லாம் கேட்டேன்!

அப்பா எப்படி இருக்கிறார்?

இலக்கியா


கீரமங்கலம்
23 மார்ச் 2025

அக்கா,

புண் ஒன்று ஆறிவிட்டது. இன்னொன்று ஆறிக்கொண்டு வருகிறது. கைக் கட்டை அடுத்த வாரம் பிரிக்கிறார்கள். நான் ஊட்டும் வேகம் இப்போது அவருக்குப் பிடித்திருக்கிறது போல, நாலு நாளாகக் கிண்ணம் தரைக்குப் போகவில்லை. எனக்கும் இடுப்பு வலிதான்.

வந்து மூன்றாம் நாளே அவரிடம் சொல்லிவிட்டேன். "ராக்காயி அத்தைய நான் அனுப்பலப்பா. நான் பாக்கவே இல்ல" என்றேன். "தெரியும்டா" என்றார். பிறகு, "இங்கிட்டு வந்து ஒக்காரு" என்று கட்டிலைத் தட்டினார். நீ அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தாய். உன் காதில் விழுந்திருக்கும் என்று நினைத்தேன், விழவில்லை போல.

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். தினமும் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கேமராவைப் பார்த்து, "இலக்கியா, சாப்டியா?" என்று கேட்கிறார். ஒரு தரம் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அக்கா ஆபீஸில் இருக்கும்ப்பா, இந்நேரம் பார்க்காது என்றேன். "நீ கம்முன்னு கெட. அவ பாத்துக்கிட்டுத்தான் இருப்பா" என்கிறார்.

என் விஷயத்தில் அத்தனை நடந்த பிறகும் அந்த மனுஷன் இப்படிச் சொல்கிறார்.

உன் கடிதம் படித்ததும் உட்கார்ந்து ஒரு காரியம் செய்தேன். ஸ்கிரிப்டைப் பிரித்து, டிக் அனுப்பும் வரியை அழித்துவிட்டேன். காவல் நின்றுபோனால் மட்டும் எனக்கு ஒரு செய்தி வரும், நான் சரிசெய்துகொள்கிறேன். ஓடுகிறது என்று இனி யாருக்கும் எதுவும் வராது, உனக்கும் வராது, நான் திரும்பிப் போனால் எனக்கும் வராது. ஸ்கிரிப்டில் இப்போது ஒரு தப்பும் இல்லை, அக்கா. அது சொல்வதெல்லாம் உண்மை. அப்படியிருந்தும் நீ ஒன்பது நாள் பார்க்கவில்லையே, அதனால்தான் அழித்தேன்.

ஏப்ரல் கடைசியில் என் லீவு முடிகிறது. அதற்கப்புறம் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதை மெயிலில் பேச முடியாது. என் நம்பர் இன்னும் உன் பிளாக்கில்தான் இருக்கிறது.

கவி


தர்மபுரி
24 மார்ச் 2025

அன்புள்ள கவி,

நேற்று முழுக்க டிக் வரவில்லை. பத்துத் தரமாவது போனை எடுத்துப் பார்த்திருப்பேன். என்னமோ ஏதோ என்று அடித்துக்கொண்டுபோய் மெயிலைத் திறந்தால் உன் கடிதம். நல்ல ஆளடா நீ.

உன் நம்பரை எடுத்துவிட்டேன். ஏப்ரலுக்கு அப்புறம் என்ன என்று எனக்கும் தெரியாது, பேசுவோம்.

இன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிடுகிறேன். அப்பா கேமராவைப் பார்த்துக் கேட்கிற அந்த நேரத்துக்கே கூப்பிடுகிறேன், போனை அவர் காதில் வை. சாப்பிட்டுவிட்டேன் என்று முதலில் சொல்ல மாட்டேன். "ஒன்பது நாளு நானும் பாக்கலப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன். அழுதுவிட்டால் நீ போனை வாங்கிக்கொள்.

அக்கா